சாட்டைக்கு எதிரே நின்றவள்

எங்கள் அக்காவுக்குத் தூண் என்று பெயர். வைத்தது அப்பா அம்மா இல்லை, அரங்கத்தில் வேலை செய்கிற ஆட்கள். அவள் புருஷன் மேடையில் சாட்டை வீசுவார். அவள் எதிரே ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாட்டை வந்து காகிதத்தை இரண்டாக வெட்டிவிட்டுப் போகும். அவளுக்கு இமைகூட ஆடாது, அதனால் தூண். வாசலில் வைத்த விளம்பரப் பலகையில் அத்தானுக்கு 'இடி' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. தூணைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. காகிதம் பிடித்த கை மட்டும் ஒரு மூலையில் வரும், அதுவும் அக்காவின் கை இல்லை. வரைந்தவன் தன் இஷ்டத்துக்கு வளையலும் மோதிரமும் போட்டு விட்டிருந்தான்.

நான் அதே அரங்கத்தில் உடை தைக்கிறேன். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அக்காவுக்கு இரண்டும் கிடையாது. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்று கேட்காத ஆள் இல்லை. அவள் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்பேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

சாட்டையை வீசுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்வது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. செய்வதும் அக்காதான். எங்கள் அப்பா மாட்டு மந்தை ஓட்டுகிறவர்களுக்குச் சாட்டை பின்னி விற்றவர். அந்த நீளச் சாட்டையைப் பார்த்ததும் மாட்டின் முதுகை உரிக்கத்தான் அது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடித்தால் தோல் கிழியும், கிழிந்த மாட்டை எவன் வாங்குவான்? மந்தை இடது பக்கம் ஒதுங்கினால் இடது பக்கக் காற்றில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். மாடு மிரண்டு வலது பக்கம் வந்துவிடும். குதிரைமேல் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாலும் மந்தையின் அந்தக் கோடிக்கு மனிதக் குரல் எட்டாது. சாட்டைதான் அவர்களுடைய குரல். மாடுகளை லாரியில் ஏற்ற ஆரம்பித்த பிறகு வேறு ஆட்கள் வாங்க வந்தார்கள். சர்க்கஸ்காரர்கள், சினிமாக்காரர்கள், சுவரில் மாட்டி அழகு பார்க்கிற பணக்காரர்கள். வேலைக்காரர்கள் முதுகுக்கென்றே வாங்கிப் போனவர்களும் ஒரு காலத்தில் உண்டு. அதைக் கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அக்கா மாற்ற மாட்டாள். "அதுவும் இதே தோல்தான், இதே பின்னல்தான். கை யாருதுங்கறதுதான் விஷயம்" என்பாள்.

அரங்கத்தை ஒட்டின அவர்கள் வீட்டில் அவள் வேலை செய்கிற பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். உள்ளே நுழைந்தால் தோலும், கொழுப்பையும் சோப்பையும் சேர்த்துக் காய்ச்சிய பசையும் கலந்த வாடை. எனக்குத் தலைவலி வந்துவிடும், அவளுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை. தோலில் முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியை மட்டும் எடுப்பாள். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்த இழுப்புக்கு வரும், சாட்டைக்கு உதவாது. கட்டைவிரலை அளவுகோலாக வைத்துக்கொண்டு, கத்தியைத் தோலைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, அறுபடாமல் ஒரே வாராக எடுப்பாள். தொடக்கத்தில் அகலமாக இருக்கிற வார் போகப் போக மெலியும். பிறகு விளிம்பைச் சீவி, பசை தடவி, இழுத்து இழுத்துப் பார்த்து, நடுவில் ஒரு தோல் திரியை வைத்து அதன்மேல் பின்னுவாள். அந்தப் பின்னலின்மேல் தோலைச் சுற்றி இன்னொரு பின்னல். கைப்பிடியில் நிறைய வார்கள் இருக்கும், நீளம் போகப் போக ஒவ்வொன்றாக உள்ளே புதைத்துக் குறைத்துக்கொண்டே வருவாள். ஒரு வாரை இழுத்தது கொஞ்சம் தளர்ந்தால் போதும், வீசும்போது அந்த இடத்தில் சாட்டை முடங்கிக்கொள்ளும். பின்னி முடித்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து உருட்டுவாள். நுனியில் ஒற்றை வார் கட்டுவாள். அதற்கும் நுனியில் முறுக்கிய நூலில் ஒரு குஞ்சம். அந்தச் சத்தத்தை எழுப்புவது இந்தக் குஞ்சம்தான். கையில் ஆரம்பிக்கிற வேகம் மெலிந்த இடத்துக்கு வர வரக் கூடிக்கொண்டே போய், கடைசியில் அந்த நூல் சத்தத்தையே முந்திக்கொண்டு ஓடுமாம். அதனால்தான் குட்டி இடி மாதிரி வெடிக்கிறது. கடைசியில் விளம்பரப் பலகையில் ஏறிய பெயர் அந்தச் செத்தை நூலுக்குச் சேர வேண்டியது.

சாட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எதிரே நிற்கப் போகிறவர்தான் குஞ்சத்தைக் கட்ட வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. முதலில் வீசுகிறவர் குஞ்சம் இல்லாத சாட்டையைத் தரையில் நீட்டிப் போட்டு, வார் முடிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு கிழிப்பார். காகிதம் அந்தக் கோட்டைத் தாண்டி இருக்கும். தோல் அங்கே எட்டாது, குஞ்சம் மட்டும்தான் எட்டும். அதை எவ்வளவு நீளம் கட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் நிற்கிறவர் பாடு. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் கட்டினான், இவன் கட்டினான் என்று யாரும் யாரையும் கை காட்ட முடியாது.

அத்தான் கெட்டவர் இல்லை. இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் உண்மை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் வாய் அடங்காது. மேடைக்குப் பின்னால் யாராவது அக்காவைப் பாராட்டினால் உடனே, "நிக்கறதுக்கு என்னங்க திறமை வேணும்? மரம்கூடத்தான் நிக்குது" என்று சொல்லிச் சிரிப்பார். அக்காவும் கூடச் சிரிப்பாள். எனக்குக் கையில் இருக்கிற ஊசியால் குத்தலாம் போல இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலக் காட்சியில் குஞ்சம் காகிதத்துக்குப் பதிலாக அக்காவின் இடது கை ஆள்காட்டி விரலைப் பிளந்துவிட்டது. அவள் கத்தவில்லை. ரத்தம் சொட்டச் சொட்டக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். தையல் போட்டார்கள், காயம் ஆறியது, விரல் மட்டும் மடங்கவில்லை. பின்னுகிறவளுக்கு அந்த விரல்தான் எல்லாம், பிறகு மிச்ச விரல்களை வைத்தே பின்னப் பழகிக்கொண்டாள். அத்தான் அன்றைக்கு அழுதார். அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "நீ அசைஞ்சுட்டே. அதான் பட்டுடுச்சு."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அரங்கத்து ஆட்களிடமும் அவர் அப்படியேதான் சொன்னார். தூணே அசைந்துவிட்டதாம் என்று கொஞ்ச நாள் கேலி நடந்தது. விரல் போனதைப் பற்றி அக்கா ஒருநாளும் புலம்பியதில்லை. அந்த வார்த்தையைப் பற்றி ஒரே ஒரு முறை, வார் அறுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நான் அசையலைடி" என்றாள். அந்தக் குரலில் இருந்த அயர்ச்சி என் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

அசைந்தது அவர் கண். புரை விழுந்திருந்தது. வீட்டில் டம்ளரை மேஜை விளிம்புக்கு வெளியே வைப்பார், அது விழுந்து உருளும். மேஜையை யார் நகர்த்தியது என்று கத்துவார். காட்சி சரியாக வராவிட்டால் லைட் சரியில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டாக்டரிடம் போகலாம் என்று அக்கா சொன்னால், "கண்ணுல கத்தி வெச்சா அப்புறம் நான் சாட்டையைத் தொட முடியுமா? என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. தினமும் பேப்பர் வெட்டுறேனே, பார்த்துட்டுத்தானே இருக்கே?" என்பார். அதற்கு அவளிடம் பதில் இருக்காது.

பதில் ஏன் இல்லை என்பது ஒருநாள் மேடையைக் கூட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே கிடந்த காகிதத் துண்டைக் கையில் எடுத்தேன். நான் தையல்காரி, வெட்டின ஓரமும் கிழித்த ஓரமும் எனக்குத் தெரியாதா? மேலே நகத்தால் கீறின ஒரு சின்ன வெட்டு, அதற்குக் கீழே மொத்தமும் கிழிசல். நேராகப் பின்னறைக்குப் போய் அதை அவள் முன்னால் போட்டேன்.

"என்னடி இது?"

"பேப்பரு."

"கிழிச்சது யாரு?"

அவள் பசைக் கிண்ணத்தை மூடி வைத்தாள். "மெதுவா பேசு. அவர் தூங்கறாரு."

விரல் பிளந்த பிறகு ஒருநாள்கூட அவர் காகிதத்தை வெட்டவில்லையாம். அக்கா குஞ்சத்தைக் குட்டையாகக் கட்டிவிடுகிறாள். சத்தம் அதே சத்தம்தான் வரும், ஆனால் காகிதம் வரைக்கும் எட்டாது. வெடிச் சத்தம் கேட்டால் பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு நொடி கண் மூடிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் அவள் காகிதத்தை இரண்டாகக் கிழித்துவிடுவாள். அவளுக்கு மட்டும்தான் கண் மூடாதே. கைதட்டல் அவருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, என் அக்கா அதை ஊர் முன்னால், மேடையில், விளக்கு வெளிச்சத்தில் செய்துகொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொன்னா அப்புறம் அவர் என்ன செய்வாரு? அவருக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டே, "கால் ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்குடி. பகல்ல உக்காந்து பின்னுறேன், சாயங்காலம் நின்னு ஏமாத்துறேன். பின்னுறதுல அலுப்பு இல்ல. இதுலதான்" என்றாள்.

இது இப்படியே ஓடியிருக்கும். ஆனால் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. அரங்கத்து முதலாளி நல்ல மனிதர்தான், காலி நாற்காலியைக் கண்டால் மட்டும் மனிதர் வேறு ஆள். ஒருநாள் மத்தியானம் அத்தானைக் கூப்பிட்டு, "பேப்பர் வெட்டுறதை எல்லாரும் பார்த்தாச்சு அண்ணே. வாயில ஒரு பூவை வெச்சு, காம்பை மட்டும் வெட்டுங்க. அக்கா கையைப் பின்னால கட்டிட்டு நிக்கட்டும். புதுப் பலகையே எழுதிடலாம்" என்றார்.

அத்தான் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். "கேட்டியா? இளமையில செஞ்ச ஐட்டம்! எனக்கு அது தண்ணி பட்ட பாடு!"

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குத் தைத்த சட்டைக்குக் கையை மாற்றி வைத்துவிட்டேன். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "சரியா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பூவையும் நீயே கடிச்சுத் துப்பிடுவியாக்கும்?"

"அதையும் யோசிச்சேன்" என்றாள். கிண்டலாக இல்லை, உண்மையாகவே யோசித்திருக்கிறாள். "பேப்பருக்கும் என் முகத்துக்கும் நடுவுல என் கை நீளம் இருக்கு. பூவுக்கும் முகத்துக்கும் நடுவுல என்ன இருக்கு, சொல்லு? அவர் ஒரு அடி முன்னால வந்துட்டார்னா குஞ்சம் எவ்வளவு குட்டையா இருந்து என்ன புண்ணியம்? வார் வந்து விழும்."

"அப்ப வேண்டாம்னு சொல்லேண்டி, மகராசி!"

"சொல்லத்தான் போறேன். ஆனா சனங்க முன்னால இல்ல. காலையில ஒத்திகைக்கு வா."

காலையில் அரங்கம் காலி. நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துத் தரை துடைத்திருந்தார்கள், சுண்ணாம்பும் ஈரமும் கலந்த வாடை. நான் ஓரத்தில் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தையல் ஒன்றும் ஓடவில்லை. அத்தான் சாட்டையை நீட்டிப் போட்டு, குனிந்து தடவித் தடவி நுனியைக் கண்டுபிடித்துக் கோடு கிழித்தார். அக்கா குஞ்சத்தைக் கட்டிச் சாட்டையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல பேப்பர். அப்புறம் பூ" என்றாள்.

"பேப்பர் எதுக்கு? அது பழசு."

"எனக்காக ஒரு தடவை."

அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். காகிதத்தை விரித்தாள். அவர் தோளை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினார். வெடித்தது. நான் இந்த முறை கண்ணை விரியத் திறந்தே வைத்திருந்தேன். அக்காவின் கை அசையவில்லை. காகிதம் முழுசாக அப்படியே இருந்தது.

அவர் சாட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ம், ஆச்சு. பூவை எடு" என்றார்.

"ஆகலீங்க. இன்னொரு தடவை."

மறுபடியும் வெடித்தது. காகிதம் அப்படியே இருந்தது.

"லைட்டைப் பார்த்தியா, கண்ணுலயே அடிக்குது" என்றார். லைட்டே போடவில்லை, ஜன்னல் வெளிச்சம்தான். மூன்றாவது முறையும் வீசினார். அக்கா காகிதத்தைப் பிடித்தபடியே, "கிட்ட வந்து பாருங்க" என்றாள்.

வந்தார். காகிதத்தை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலால் நடுவில் தடவினார். பிறகு சாட்டையின் நுனியை எடுத்துக் குஞ்சத்தைத் தடவிப் பார்த்தார்.

"குட்டையா கட்டியிருக்கே."

"ஆமாங்க."

"இன்னைக்கா?"

"விரல் போனதுலேர்ந்து."

"அப்ப தினமும் பேப்பரு?"

"நான் கிழிச்சேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. நான் எழுந்துவிட்டேன், மடியில் இருந்த துணி கீழே விழுந்தது. அடித்துவிடுவாரோ என்று பயம். அவர் அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் கையில் இருந்தது சாட்டை. "என்னைக் கோமாளி ஆக்கிட்டியேடி!" என்று கத்தினார். காலி அரங்கத்தில் அது இரண்டு முறை கேட்டது. "சும்மா நிக்கறவளுக்கு இவ்வளவு கொழுப்பா? ஒரு இடத்துல நிக்கறது, அதுகூட ஒழுங்கா நிக்காம அசைஞ்சு விரலைக் குடுத்துட்டு, பழி என் கண்ணு மேலயா? இந்தா பிடி சாட்டையை. வீசு! நான் நிக்கறேன். நிக்கறது என்ன பெரிய மலையைப் புரட்டுற வேலையான்னு பார்த்துடலாம்."

அக்காவுக்கு வீசத் தெரியும். பின்னி முடித்த ஒவ்வொரு சாட்டையையும் பின்னால் இருக்கிற முற்றத்தில் சொடுக்கிப் பார்க்காமல் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. சாட்டையை வாங்கினாள். பழைய குஞ்சத்தை அவிழ்த்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நிக்கறவங்கதான் கட்டணும்."

அவர் வாங்கினார். வாரின் நுனியில் இருக்கிற சின்னக் கண்ணியில் நூலை நுழைக்கப் பார்த்தார். நூல் பக்கத்தில் போயிற்று. எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டு மறுபடியும் நுழைத்தார், இந்தப் பக்கம் போயிற்று. கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கிறவள், என் கை பரபரத்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அவசரப்படுத்தவும் இல்லை, உதவவும் இல்லை. கடைசியில் அவர் கை தாழ்ந்தது. கத்தின குரல் எங்கே போயிற்றோ, "நீயே கட்டிடு" என்றார்.

முழு நீளத்துக்குக் கட்டினாள். அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார், காகிதத்தை விரித்தார். அவள் இந்தப் பக்கம் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இடம் மாறி நின்று நான் பார்த்ததே இல்லை.

"வீசட்டுமாங்க?"

"வீசு, வீசு."

அவள் அவரைப் பார்த்து வீசவில்லை. அவருக்கு ரொம்பத் தள்ளி, காலி நாற்காலிகள் பக்கமாக ஒரு சொடுக்கு, மந்தைக்காரர்கள் மாட்டுக்குச் சொடுக்குவதுபோல. இடி இடித்தது. அத்தான் காகிதத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோய், பின்னால் தடுமாறிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். காகிதம் மெதுவாக வந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.

அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார், எல்லாம் இருக்கிறதா என்பதுபோல. இடது கை ஆள்காட்டி விரலுக்கு வந்ததும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு" என்றார். "அன்னைக்கு நீ அசையலை."

"இல்லீங்க" என்றாள் அக்கா.

"அசையவே இல்ல."

"இல்லீங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார், தோள் குலுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அந்த மனிதருக்காகவும் அழுகை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அக்கா சாட்டையைச் சுருட்டினாள், எப்போதும் போல வட்டம் பிசகாமல். சுருட்டி முடித்துத் தரையில் வைத்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி, மேடை விளிம்பில் மெல்ல உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டாள். நான் நாற்காலி கொண்டுவரப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவர் பார்வை பழக்கத்தில் நேராக அந்தக் கோட்டுக்கு அப்பால் போயிற்று, அவள் எப்போதும் நிற்கிற இடத்துக்கு. அங்கே யாரும் இல்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, பயந்த குரலில், "ஏம்மா, எங்க போயிட்டே?" என்றார்.

"எங்கயும் போகலீங்க" என்றாள் அக்கா. "உக்காந்திருக்கேன்."